ஐல் ராயல்: பனிப்பாலம் அற்றுப்போன தீவு

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தைச் சேர்ந்த ஐல் ராயல் தேசியப் பூங்கா, சுப்பீரியர் ஏரிக்குள் சுமார் 72 கிலோமீட்டர் நீளத்துக்குக் கிடக்கும் ஒரு தீவு. படகிலோ நீரில் இறங்கும் சிறு விமானத்திலோதான் அங்கே செல்ல முடியும். வாகனச் சாலைகள் கிடையாது. நவம்பர் முதல் ஏப்ரல் நடுப்பகுதி வரை பூங்கா முழுவதும் மூடப்பட்டிருக்கும். இந்தக் கட்டுப்பாடுகள்தாம் தீவைத் தீவாக வைத்திருக்கின்றன என்பதால், இவற்றில் ஒன்றையும் தளர்த்தக்கூடாது என்றே நான் விரும்புகிறேன்.

கிரீன்ஸ்டோன் முகட்டுப் பாதை ஏறத்தாழ 64 கிலோமீட்டர் நீளமுடையது. அதன் உயரங்களிலிருந்து தெற்கே சிஸ்கிவிட் ஏரி விரிந்து தெரியும்; தீவின் ஏரிகளில் அதுவே பெரியது. காலை வேளைகளில் மூஸ் எனப்படும் பெருமான்கள் ஆழமற்ற நீரில் இறங்கி, தலையை முழுவதும் அமிழ்த்தி நீர்த்தாவரங்களைத் தின்பதை எவ்வளவு நேரம் பார்த்திருந்தாலும் எனக்கு அலுப்பதில்லை. ஆனால் அந்த நீரை அப்படியே குடித்துவிடக் கூடாது. ஓநாய்க்கும் மூஸுக்கும் இடையே மாறிமாறி வாழும் ஒரு நாடாப்புழுவின் முட்டைகள் அதில் இருக்கக்கூடும் என்பதால், நன்றாகக் கொதிக்கவைத்தோ தகுந்த வடிகட்டியில் வடிகட்டியோதான் குடிக்க வேண்டும்.

இவ்விரு விலங்குகளின் உறவைத்தான் 1958 முதல் இடைவிடாமல் ஆய்ந்துவருகிறார்கள். 1940களின் பிற்பகுதியில் ஏரி உறைந்திருந்த காலத்தில் பனிமேல் நடந்து ஓநாய்கள் தீவுக்கு வந்தன. 1980இல் 50ஆக இருந்த அவை, நாய்களிடமிருந்து பரவும் பார்வோ வைரஸ் தாக்கியதால் இரண்டே ஆண்டுகளில் 14ஆகக் குறைந்தன. (பூங்காவில் வளர்ப்பு நாய்களுக்கு அனுமதியில்லை என்பதைக் குறைகூறுவோர் இதை நினைவில் கொள்ள வேண்டும்.) 1997இல் ஓர் ஆண் ஓநாய் பனியைக் கடந்து வந்து புது இரத்தம் சேர்த்தது. பிறகு உறைபனி அரிதாகிவிட, நெருங்கிய உறவுக்குள்ளேயே இனம் பெருகி நலிந்து, 2018 வாக்கில் ஒரு தந்தையும் மகளும் மட்டுமே எஞ்சின. மறுபுறம் மூஸ்கள் ஏறத்தாழ 2,000ஆகப் பெருகி, பால்சம் ஃபிர் மரக்கன்றுகளைத் தலைதூக்கவிடாமல் தின்றுவந்தன.

2018, 2019ஆம் ஆண்டுகளில் வெளியிலிருந்து 19 ஓநாய்களைக் கொண்டுவந்து விட்டபோது, சட்டப்படி வனாந்தரமாக அறிவிக்கப்பட்ட நிலத்தை அதன் போக்கில் விட்டிருக்க வேண்டும் என்று பலர் எதிர்த்தார்கள். அந்த எதிர்ப்பை நான் மதிக்கிறேன்; ஆயினும் என்னால் அதை ஏற்க முடியவில்லை. நோய் வந்தது மனிதரோடு வந்த நாய்களால் என்றும், பனிப்பாலம் குறைந்தது நாம் சூடாக்கிய காற்றால் என்றும் ஆகும்போது, ஒதுங்கி நிற்பதை இயற்கையின் போக்கு என்று எப்படிச் சொல்வது? 2024இன் கணக்குப்படி தீவில் ஏறத்தாழ 30 ஓநாய்களும் 840 மூஸ்களும் இருந்தன. பனிப்பாலம் இனி நம்பத்தக்கதாக இல்லாததால், சில பத்தாண்டுகளில் இரத்தக்கலப்பு மீண்டும் தேவைப்படலாம். அப்போதும் வெளியிலிருந்து ஓநாய்களைக் கொண்டுவருவதையே நான் ஆதரிப்பேன்.