ஸ்கின்னர் குடும்ப மரம்: முதல் இரண்டு தலைமுறை வரைந்தாயிற்று

மஞ்சள் அங்கிக் குதிரைப்படையை 1803-ல் ஹான்சியில் திரட்டிய ஜேம்ஸ் ஸ்கின்னரின் வம்சாவளியை சார்ட் பேப்பரில் வரைந்து வருகிறேன். உறுதியான தகவலுக்கு மை, சந்தேகமானதற்கு பென்சில் என்பதுதான் நான் வைத்துக்கொண்ட முறை. அவர் தன் வாழ்க்கையைப் பற்றி எழுதிவைத்த குறிப்புகள்தான் முதல் ஆதாரம்.

தந்தை ஹெர்குலிஸ் ஸ்கின்னர், ஸ்காட்லாந்துக்காரர், கும்பினிப் படை (ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படை) அதிகாரி. தாய் போஜ்பூர்ப் பக்கத்து ராஜபுத்திர ஜமீன்தாரின் மகள். பிள்ளைகள் ஆறு பேர்: மூன்று பெண், மூன்று ஆண். மூத்தவர் டேவிட் கப்பலில் வேலைக்குப் போனார். ஜேம்ஸும் தம்பி ராபர்ட்டும் படைவீரர்கள் ஆனார்கள்.

தாயின் கட்டத்தில்தான் அதிக நேரம் செலவானது. காசி மன்னர் சைத் சிங்கோடு கும்பினி போரிட்டபோது, விஜயகட் கோட்டைக்கு அருகே பதினான்கு வயதில் அவர் சிறைபிடிக்கப்பட்டார் என்கிறார் மகன். அந்தப் போர் நடந்ததோ 1781-ல். ஜேம்ஸ் பிறந்தது 1778. மகன் பிறந்து மூன்று வருஷம் கழித்தா தாய் தந்தையின் கைக்கு வந்திருப்பார்? இடம் சரியாக இருக்கலாம்; பின்னால் பேர்பெற்ற ஒரு போரின் பெயர் அந்தக் கதையோடு ஒட்டிக்கொண்டிருக்கும் என்பது என் ஊகம். 1778-ஐ மையிலும், சிறைபிடிப்பை வருஷம் போடாமல் பென்சிலிலும் எழுதியிருக்கிறேன்.

தாய் இறந்த வருஷம் 1790. மகள்களைப் பள்ளிக்கு அனுப்பினால் பர்தா குலைந்து குலமானம் போய்விடும் என்று அந்தத் தாய் தற்கொலை செய்துகொண்டார். மகனின் புகழுக்கு அடியில் இவர் ஒற்றை வரியாக மறைந்துவிடக் கூடாது. அதனால் கணவருக்குக் கொடுத்த அதே அளவுக் கட்டத்தை இவருக்கும் கொடுத்தேன்.

சகோதரிகளையும் ‘திருமணமானவர்கள்’ என்று எழுதித் தாண்டிவிட முடியாது. அச்சகத்தில் தொழில் பழகச் சேர்த்துவிடப்பட்ட ஜேம்ஸ், அங்கிருந்து ஓடிப்போய்க் கல்கத்தாக் கடைத்தெருவில் மூட்டை தூக்கினார். அவரை அடையாளம் கண்டு வீட்டுக்குக் கூட்டிவந்தது அக்கா வீட்டு வேலைக்காரர். கும்பினிப் படையிலோ, பெற்றோரில் ஒருவர் இந்தியராக இருந்தால் அதிகாரியாக முடியாது என்று 1791-லேயே உத்தரவு வந்துவிட்டது. அதனால் அவர் மராட்டியப் படைக்குப் போனார். 1803-ல் ஆங்கிலேயரோடு போர் மூண்டபோது அங்கேயும் வெளியே அனுப்பிவிட்டார்கள். இரண்டு பக்கமும் கதவடைத்ததற்குக் காரணம் இந்த மரத்தின் முதல் வரிசையிலேயே இருக்கிறது.

வம்சாவளி வரைபவர்கள் ஒப்புக்கொள்ளாத ஒன்றையும் செய்திருக்கிறேன். 1800-ல் உனியாராப் போரில் குண்டடிபட்டுக் களத்தில் கிடந்த ஸ்கின்னருக்கு ரொட்டியும் தண்ணீரும் கொடுத்தவர் சமார் சாதியைச் சேர்ந்த ஒரு கிழவி. பிற்பாடு அவரைத் தாயாகவே கருதினார் ஸ்கின்னர். ரத்த உறவு இல்லாததால் புள்ளிக்கோடு போட்டு அவரையும் மரத்தில் சேர்த்துவிட்டேன். பிழைத்தால் தேவாலயம் கட்டுவதாக அன்று நேர்ந்துகொண்டதன் பலன்தான் டெல்லி காஷ்மீரி கேட்டில் நிற்கும் செயின்ட் ஜேம்ஸ் தேவாலயம். 1836-ல் அது அர்ப்பணிக்கப்பட்டது. 1841-ல் ஹான்சியில் இறந்த அவரை அங்கேயே புதைத்து, அடுத்த மாதம் டெல்லிக்குக் கொண்டுவந்து இந்த தேவாலயத்தில் அடக்கம் செய்தார்கள்.

அடுத்தது ஸ்கின்னரின் பிள்ளைகள் வரிசை. அவருக்குப் பல மனைவியர் என்பதால் தாய்வாரியாகப் பிரித்து வரையப்போகிறேன். தேவாலய வளாகத்தில் குடும்பத்துக்கென்றே தனிக் கல்லறைப் பகுதி இருக்கிறது. அங்குள்ள கல்வெட்டுகளிலிருந்து தொடங்குவதாகத் திட்டம்.