குரல் முன்னே, கிடார் பின்னே: ஓர் ஆல்பத்தின் ஒலிப்பதிவு நாட்குறிப்பு

2024 ஜூன் 8, சனி

உடுக்கைப் பாட்டுக்காரர் ஒருவரின் தனி ஆல்பம். கோவையில் இன்று முதல் நாள். மொத்தம் ஏழு பாட்டு: கொங்கு நாட்டுக் கதைப்பாடலான அண்ணன்மார் கதையிலிருந்து இரண்டு பகுதி, ஒரு கவலைப்பாட்டு (மாடு பூட்டிக் கிணற்று நீர் இறைக்கும்போது பாடுவது), ஒரு நடவுப்பாட்டு, இரண்டு கும்மி, ஓர் ஒயிலாட்டப் பாட்டு. கூட வாசிப்பது ஒரு ராக் குழு: இரண்டு எலக்ட்ரிக் கிடார், பேஸ், டிரம்ஸ். தப்பட்டைக்கும் உருமிக்கும் ஊரிலிருந்து இரண்டு பேர் வருகிறார்கள். ஜூலை 17 ஆடி ஒன்று. அதன்பின் கோயில் நோம்பி (திருவிழா) தொடங்கிவிடும், இந்த மூவரில் ஒருவரும் கையில் சிக்கமாட்டார்கள். அதற்குள் முடித்தாக வேண்டும்.

இன்று சுருதி மட்டும் பார்த்தோம். தம்புரா, கீபோர்டு எதுவும் போடாமல் அவர் போக்கில் பாடச் சொல்லி, டியூனர் வைத்து அளந்தோம். மூன்று கட்டைச் சுருதியைவிட 35 சென்ட் மேலே நிற்கிறார் (அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்). மூன்று பாட்டிலும் அதே இடம். ஆக, தொண்டையின் வாகு அது, தடுமாற்றம் இல்லை. கணினியில் குரலை இழுத்து மூன்று கட்டைக்குக் கொண்டுவரலாம் என்று ஒரு யோசனை வந்தது. கூடாது. கிடாரை ஏற்றுவதுதான் சரி. டியூனரில் ஏ சுரத்தின் அளவை 440 ஹெர்ட்ஸிலிருந்து 449 ஆக்கினால் 35 சென்ட் வந்துவிடுகிறது. அதிர்வெண் 2 சதவீதம் கூடினால் கம்பியின் இழுவிசை சுமார் 4 சதவீதம் கூடும். நாங்கள் போட்டிருக்கும் 10-46 தடிமன் கம்பிக்கு அது பாரமே இல்லை. ஏற்றிய பிறகு அரைமணி நேரம் விட்டு மறுபடி சுருதி சேர்க்க வேண்டும், கிடாரின் கழுத்து சற்றே வளைந்து கொடுக்கும். ஆர்மோனியத்தை ஏற்ற வழியில்லை, அதனால் அது இந்த ஆல்பத்தில் கிடையாது.

ஜூன் 9, ஞாயிறு

கிடாரில் என்ன பிடிப்பது என்பதிலேயே பகல் போயிற்று. மேஜர் கார்டு பிடித்தால் குரல் சுருதி விலகியதுபோல் கேட்கிறது, மைனர் பிடித்தாலும் அப்படியே. மேஜரும் மைனரும் வேறுபடுவது காந்தாரத்தில், அதாவது ‘க’ சுரத்தில். இவருடைய காந்தாரம் இரண்டுக்கும் நடுவில் நிற்பதுதான் காரணம். ஒரே அடியில் ஏறும்போது ஓர் இடம், இறங்கும்போது வேறோர் இடம். கிடாரின் ஃப்ரெட்டில் அந்த இடம் இல்லை.

கார்டிலிருந்து காந்தாரத்தையே எடுத்துவிட்டோம். சட்ஜமமும் பஞ்சமமும் மட்டும்: ராக்காரர்கள் பவர் கார்டு என்பது இதுதான். டிஸ்டார்ஷன் (கிடார் ஒலியைக் கரகரப்பாக்குவது) ஏறும்போது இரண்டு சுரமும் உரசி உண்டாகும் புது அதிர்வுகள் சட்ஜமத்தின் வரிசையிலேயே விழுவதால் ஒலி கனக்கிறது. காந்தாரம் சேர்ந்தால் அதே உரசல் கலங்கல் ஆகிவிடும். நாட்டுப்பாட்டும் ராக்கும் இவ்வளவு இயல்பாகச் சேரும் இடம் இன்னொன்று இல்லை என்றே தோன்றுகிறது. காந்தாரம் பாடகருடையது, யாரும் தொடவேண்டாம்.

ஜூன் 12, புதன்

உடுக்கையும் குரலும். தனித்தனியாகப் பதிந்தால் மிக்ஸிங் எளிது என்று முதலில் குரலை மட்டும் எடுத்தோம். பாட்டு நின்றுவிட்டது. அவர் மூச்சு வாங்கும் இடத்தை உடுக்கைதான் நிரப்புகிறது. அது இல்லாமல் எங்கே மூச்சு விடுவது என்று உடம்புக்கே தெரியவில்லை. 1965-ல் காங்கேயம் பக்கம் ஓலப்பாளையத்தில் மானுடவியலாளர் பிரெண்டா பெக் அண்ணன்மார் கதையை டேப்பில் பதிந்தபோதும் கதையும் உடுக்கையும் சேர்ந்தேதான் நடந்தன.

சேர்த்தே எடுப்பது என்றானதும், உடுக்கை குரல் மைக்கில் ஏறாமல் பார்க்க வேண்டியதாயிற்று. வாய்க்கு நேரே, ஒரு சாண் தள்ளி, எட்டு வடிவத்தில் வாங்கும் ரிப்பன் மைக். முன்னும் பின்னும் கேட்கும், பக்கவாட்டில் காது அடைத்துக்கொள்ளும். அந்த அடைத்த பக்கம் நேர் கீழே உடுக்கையைப் பார்க்கும்படி திருப்பினோம். உடுக்கை வயிற்றுக்கு மேலே வராமல் பிடித்தால் போதும், குரலில் அதன் நிழல்தான் விழுகிறது. பின்பக்கம் தடித்த ஜமுக்காளம் ஒன்று தொங்கவிட்டோம். இல்லாவிட்டால் சுவரின் எதிரொலி உள்ளே வரும்.

உடுக்கைக்குத் தனியாக இரண்டு மைக், முகத்துக்கு ஒன்று. இரண்டையும் சேர்த்தால் அடியின் கனம் காணாமல் போனது. ஒரு முகத்தில் அடிக்கும்போது அந்தத் தோல் தன் மைக்கை விட்டு விலகுகிறது. மறுமுகத் தோல் தன் மைக்கை நோக்கி உப்புகிறது. இரண்டு அலையும் ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன. ஒரு மைக்கின் போலாரிட்டியை (அலையின் மேடு பள்ளத்தை) தலைகீழாகத் திருப்பியதும் கனம் திரும்பிவிட்டது. நடுக்கயிற்றை அழுத்தி விடும்போது எழும் அந்த இழுவை இப்போதுதான் முழுசாகக் காதில் விழுகிறது.

சாமி அழைக்கும் அடியை மட்டும் அவர் ஸ்டூடியோவில் வாசிக்கமாட்டார். வாசிக்கச் சொல்லி நாம் கேட்கவும் கூடாது. அந்த இடத்தில் பேஸ் ஒற்றைச் சுரத்தில் நிற்கிறது.

ஜூன் 15, சனி

தாளம். மெட்ரோனோம் கிளிக்கைக் காதில் போட்டுப் பாடவைக்கக் கூடாது என்பது அரைமணியில் தெரிந்துவிட்டது. அடி முடியும் முன்பே கிளிக் கூப்பிடுகிறது, கடைசி எழுத்தை அவர் விழுங்குகிறார். டிரம்மரிடம் அவர் சொன்னதுதான் முறை: "கண்ணு, நீ முன்னால ஓடாத. நா மூச்சு வாங்கிட்டு வாரேன், அப்பறம் அடி."

குரலும் உடுக்கையும் முதலில், குழு பிறகு. பதிந்த குரலை ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் வைத்து டெம்போ வரைபடம் போட்டோம். அண்ணன்மார் பகுதி நிமிடத்துக்கு 84 அடியில் தொடங்கி, போர்க்கட்டத்தில் 93-க்குப் போகிறது. ஒவ்வோர் அடிக்கும் புள்ளி வைத்தால் கிளிக் நொண்டும், டிரம்மர் கை பதறும். நான்கு பாருக்கு (தாளச் சுற்றுக்கு) ஒரு புள்ளி போதும். இடையிலுள்ள நெளிவை டிரம்மர் குரலைக் கேட்டே பிடித்துக்கொள்வார். ஹெட்ஃபோனில் குரலும் உடுக்கையும் உரக்க, கிளிக் அடியில் லேசாக.

கவலைப்பாட்டில் குழு தவறியது. மாடு சரிவில் இறங்கிச் சால் (நீர் அள்ளும் கலம்) மேலே வரும் அடி எட்டு எண்ணிக்கை. சால் மறுபடி கிணற்றில் இறங்க, மாடு பின்னுக்கு நடக்கும் அடி ஆறு. குழு இதை எட்டும் எட்டும் என்று சமப்படுத்தி வாசித்தது. கடைசியில் இரண்டு எண்ணிக்கை வெறுமையாகக் கிடந்து மாடு நின்ற மாதிரி ஆயிற்று. எட்டும் ஆறுமாகவே வைத்தோம். பதினான்கு எண்ணிக்கைக்கு ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிடார் துணுக்கு) போடுவது ராக்காரர்களுக்குப் புதிதில்லை, மதியத்துக்குள் பழகிவிட்டது.

ஜூன் 22, சனி

தப்பட்டை. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஈரத்தோடு வீசும் மாதம், காய்ச்சிய தோல் கால்மணி நேரம்கூடத் தாங்கவில்லை. சூடு ஆற ஆற ஈரத்தை இழுத்துத் தளர்ந்துவிடும். முற்றத்தில் வைக்கோல் தீ, இரண்டு தப்பட்டை. ஒன்று உள்ளே பேசும்போது மற்றது தீயருகே. தட்டிப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். கணீர் என்ற பிறகும் காட்டிக்கொண்டிருந்தால் தோல் கிழியும். ஒரு டேக் (ஒரே மூச்சில் எடுக்கும் பதிவு) நான்கு நிமிடத்துக்கு மேல் போகாமல் பார்த்துக்கொண்டோம். அதைத் தாண்டினால் முதல் அடிக்கும் கடைசி அடிக்கும் சுருதி வேறு, நடுவில் வெட்டி ஒட்ட முடியாது.

தப்பட்டை அடிப்பது சுண்டுக்குச்சி, அடிக்குச்சி என்ற இரண்டு குச்சியால். மைக் முகத்துக்கு நேரே வைத்தால் சுண்டுக்குச்சியின் சுளீர் மட்டும் விழுகிறது. மூன்றடி தள்ளி, சற்றுப் பக்கவாட்டில் வைத்தால் அடிக்குச்சியும் கேட்கிறது.

டிரம்மர் சிம்பலைக் கழற்றிவிட்டார். அதன் சீறல் போய் உட்காரும் இடத்தில்தான் பாட்டின் மெய்யெழுத்துகள் இருக்கின்றன. ஹை-ஹேட்டுக்குப் பதில் காலில் சலங்கை.

ஜூன் 26, புதன்

கும்மி, பல்லடம் பக்கம் ஒரு வாசலில். சுற்றிலும் விசைத்தறி, சாதாரண நாளில் மைக்கே திறக்க முடியாது. மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்சாரம் நிறுத்தும் நாளாகப் பார்த்து வைத்தோம். காலை ஒன்பதுக்குத் தறி அடங்கும். பத்தரைக்கு மேல் காற்று கிளம்பிவிடும். கையிலிருப்பது ஒன்றரை மணி நேரம். பேட்டரியில் ஓடும் ஸூம் எச்6 ரெக்கார்டர், நான்கு ஏஏ பேட்டரி, மைக்குக்கு ரோமத் தொப்பி, 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டு. எட்டுப் பெண்கள் அரைவட்டமாக, மைக் இரண்டு மீட்டர் தள்ளி. கண்ணாடி வளையலைக் கழற்றச் சொல்லவில்லை, அந்தச் சலசலப்பு வேண்டும்.

இந்தக் கைத்தட்டுதான் இரண்டு கும்மிப் பாட்டுக்கும் ஸ்நேர் (டிரம்ஸில் ‘சட்’ என்று விழும் சிறு முரசு). நடை மூன்று மூன்றாகப் போகிறது. நான்காக எண்ணி ஸ்நேரை இரண்டிலும் நான்கிலும் வைத்தால் தட்டும் டிரம்ஸும் சண்டை போடும். ஆறாக எண்ணி, நான்காவதில் வைத்தால் ஒட்டிக்கொள்கிறது.

ஜூலை 6, சனி

மிக்ஸிங். உருமியின் உறுமலும் பேஸும் கிக்கும் (காலால் அடிக்கும் பெரிய டிரம்) ஒரே குழியில் விழுந்தன. உருமி வாசிக்கும் பாட்டில் பேஸை நீண்ட சுரமாக்கி, 100 ஹெர்ட்ஸுக்கு மேல் குறைத்தோம். கிடாரில் 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் வரை 3 டெசிபல் இறக்கியதும் குரல் தானாக முன்னால் வந்தது. குரலைத் தூக்குவதைவிட இது நல்லது. ரிவெர்ப் (செயற்கை எதிரொலி) 0.8 நொடிக்கு மேல் வேண்டாம். மண்டபத்தில் பாடுகிறவர் இல்லை, வெட்டவெளியில் பாடுகிறவர்.

ஜூலை 13, சனி

உறையில் போகும் விவரம். பாட்டுக்கு நேரே "மரபுப்பாடல்", பாடியவர் பெயர், அதன்கீழ் "இசைக்கோப்பு: குழு". இசையமைப்பு என்று குழுவின் பெயர் வரக்கூடாது. மெட்டு அவர்களுடையதல்ல. பாடுகிறவருக்கும் வாசிக்கிறவருக்கும் பதிப்புரிமைச் சட்டம் தருகிற கலைஞர் உரிமை 50 ஆண்டு. ஒரே தொகையை வாங்கிக்கொண்டு எல்லாவற்றையும் எழுதிக்கொடுக்கும் தாளில் தப்பட்டைக்காரரும் கையெழுத்துப் போடவேண்டாம் என்று ஒப்பந்தத்தைத் தமிழில் எழுதி வாசித்துக் காட்டினோம்.

மாஸ்டரில் (இறுதிப் பிரதியில்) உரப்பு மைனஸ் 14 லஃப்ஸ் (சராசரி உரப்பின் அலகு), உச்சம் மைனஸ் 1 டெசிபல். செல்ஃபோன் ஸ்பீக்கரில் போட்டால் உருமி காணவில்லை, அந்தச் சின்ன வாய்க்கு அடிக்குரல் வராது. உருமிக்கு லேசாக சாச்சுரேஷன் (மெல்லிய கரகரப்பு) கொடுத்து மேல் ஒத்திசைகளை எழுப்பினோம், இப்போது உறுமுவது தெரிகிறது. இரண்டாம் கும்மியில் கைத்தட்டு இன்னும் 1 டெசிபல் இறங்கவேண்டும். செவ்வாய்க்குள்.