அப்பாவின் க்ளெய்மும் ஏஜென்ட் அண்ணனும்

எங்கள் வீடு களியக்காவிளை. பெரிய வியாதி என்றால் நாகர்கோவிலைவிட திருவனந்தபுரத்துக்குத்தான் முதலில் ஓடுவோம். 66 வயது அப்பாவுக்கு 2019 அக்டோபரில் எடுத்த 5 லட்சம் மருத்துவக் காப்பீட்டு பாலிசி, அன்றிலிருந்து ஒரு வருஷமும் விடாமல் கட்டி வருகிறோம்.

போன அக்டோபரில் புதுப்பித்தபோது முதலில் சந்தோஷம்தான். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் பாலிசிக்கு 18% ஜிஎஸ்டி கிடையாது. முந்தின வருஷம் 28,000 பிரீமியம், வரியோடு 33,040. இந்த முறை பிரீமியத்தை 10% ஏற்றியும் 30,800-தான். (60 தாண்டியவர்களுக்கு வருஷத்துக்கு 10%-க்கு மேல் ஏற்ற வேண்டுமென்றால் காப்பீட்டுக் கம்பெனிகளைக் கட்டுப்படுத்தும் ஐஆர்டிஏஐயைக் கேட்க வேண்டும். அந்த 10%-ஐ மட்டும் மறக்காமல் ஏற்றிவிட்டார்கள்!) ஏஜென்ட் அண்ணன் முகத்தில்தான் சிரிப்பே இல்லை. கமிஷனுக்குக் கம்பெனி கட்டும் ஜிஎஸ்டியை முன்பு கம்பெனி தன் வரிக்கணக்கில் கழித்துக்கொள்ள வழி இருந்ததாம், இப்போது இல்லை, அதனால் அதையும் அவர் கமிஷனிலேயே பிடிக்கிறார்கள். 100 ரூபாய் வந்த இடத்தில் 84.75 வருகிறது என்றார். நான் அப்போது அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

நவம்பரில் அப்பாவுக்கு பித்தப்பை ஆபரேஷன். டிஸ்சார்ஜ் ஆகும் நேரத்தில் கேஷ்லெஸ் (கம்பெனியே ஆஸ்பத்திரிக்கு நேராகக் கட்டுவது) இல்லை என்று வந்தது. காரணம், பிபி 2017-லிருந்தே இருந்திருக்கிறது, பாலிசி எடுக்கும்போது படிவத்தில் சொல்லவில்லை. உண்மைதான், படிவத்தில் 'இல்லை' என்றுதான் இருக்கிறது. நிரப்பியது அண்ணன், கையெழுத்து அப்பா, கேட்டு நிரப்பினாரா என்று இரண்டு பேருக்குமே ஞாபகம் இல்லை. நகையை வைத்து 1,72,000 கட்டி வீட்டுக்கு வந்தோம். பிறகு பில்லையெல்லாம் அனுப்பினால் அதே காரணத்தைச் சொல்லி மறுப்புக் கடிதம்.

எனக்குக் கோபம் அண்ணன் மேல்தான். அவரோ, "ஆறு வருஷம் விடாம கெட்டியிருக்கோம்லா மக்களே, எப்படி இல்லேன்னு சொல்லுவான்?" என்று கடிதம் எழுத உட்கார்ந்துவிட்டார். 60 மாதம் தொடர்ந்து கட்டிய பாலிசியில், மோசடி என்று நிரூபித்தால் ஒழிய, 'சொல்லாமல் மறைத்தாய்' என்று க்ளெய்மை மறுக்க முடியாது. முன்பு இது 8 வருஷம், 2024-ல்தான் 5 ஆக்கினார்கள். பழைய விதி என்றால் நாங்கள் மாட்டியிருப்போம். கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு மெயில் போட்டோம், பதில் இல்லையென்றால் பீமா பரோசா (ஐஆர்டிஏஐயின் புகார் தளம்), அடுத்து ஆம்புட்ஸ்மேன் (காப்பீட்டுப் புகார்களைத் தீர்த்து வைப்பவர்) என்றும் அதிலேயே எழுதினோம். பன்னிரண்டாவது நாள் பணம் வந்தது, கையுறை, மாஸ்க் என்று கொஞ்சம் கழித்து 1,61,400.

இந்த அலைச்சலுக்கு அண்ணனுக்குத் தனியாக ஒரு பைசா கிடையாது. ஆன்லைனில் எடுத்திருந்தால் இந்த 60 மாதக் கணக்கை எனக்கு யார் சொல்லியிருப்பார்கள்? ஆனால் ஆன்லைனில் நானே நிரப்பியிருந்தால் பிபியை எழுதியிருப்பேனோ என்னவோ.

போன வாரம் எனக்கென்று ஒரு பாலிசி அவரிடமே எடுத்தேன். அவர் கேள்வியை ஒவ்வொன்றாக வாசிக்க நான்தான் நிரப்பினேன், தைராய்டு மாத்திரை உட்பட.