600 கிலோமீட்டர் ஆழத்தில் பாறை உடையுமா?

2013 மே 24 அன்று ரஷ்யாவின் கிழக்குக் கோடியில், ஒகோட்ஸ்க் கடலுக்கு அடியில் 8.3 அளவில் ஒரு நிலநடுக்கம். ஆறாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் மாஸ்கோவில்கூட மக்கள் அதை உணர்ந்தார்கள். அது நடந்த ஆழம் சுமார் 609 கிலோமீட்டர்!

எனக்கு இது தீராத வியப்பு. அந்த ஆழத்தில் அழுத்தம் நம் காற்றழுத்தத்தைப் போல 2 லட்சம் மடங்கு. அங்கே பாறை உடையக்கூடாது, வெல்லப்பாகு மாதிரி மெதுவாக நகரத்தான் வேண்டும். அப்புறம் எப்படி?

பூமியின் மேற்புறத்தில் பெரிய பாறைப் பலகையாக இருக்கும் பசிபிக் தட்டு இங்கே பூமிக்குள் அமிழ்கிறது; அது அவ்வளவு சீக்கிரம் சூடாவதில்லை. அந்தக் குளிரில் ஆலிவின் என்ற கனிமம், 410 கிலோமீட்டர் வாக்கில் மாற வேண்டியது, மாறாமலே இன்னும் கீழே போய்விடுகிறது. பிறகு ஏதோ ஒரு கட்டத்தில் சட்டென்று அடர்த்தியான வடிவத்துக்கு மாறுகிறது. புதிதாகப் பிறக்கும் படிகங்கள் மிக நுண்ணியவை. அவை மெல்லிய பட்டைகளாகச் சேரும் இடத்தில் பாறை வலுவிழந்து வழுக்குகிறது. ஆய்வகத்தில் சிறு துண்டுகளை அழுத்திப் பார்த்தபோதும் இப்படித்தான் உடைந்தன. முழுக் காரணமும் இதுவேதானா என்ற விவாதம் மட்டும் ஓயவில்லை.

1994 ஜூன் 9-இல் பொலிவியாவுக்கு அடியில், 630 கிலோமீட்டருக்குக் கீழே நடந்த 8.2 அளவு நிலநடுக்கம் வேறு ரகம். ஒகோட்ஸ்கில் பிளவு அரை நிமிடத்தில் ஏறக்குறைய 180 கிலோமீட்டர் ஓடியது. பொலிவியாவில் சுமார் 40 கிலோமீட்டருக்குள்ளேயே, மெதுவாக, முடிந்துவிட்டது. அங்கே அமிழும் தட்டு, ஒகோட்ஸ்கில் இருப்பதைவிடக் கொஞ்சம் சூடு கூடியது. உராய்வில் பாறையே உருகி, அந்த உருகலின்மேல் சறுக்கியிருக்கலாம் என்கிறார்கள் ஆய்வாளர்கள்.