கணக்குப்பிள்ளையின் ஆவி: ஜனவரிக் குறிப்புகள்

13 ஜனவரி 2024, சனி

என் கதையின் ஆறாம் அத்தியாயம் முடிந்தது. துப்பறியும் ஆவி எனக்கு வசப்பட்டுவிட்டார். இங்கே மொரீஷியஸில், போர்ட் லூயியின் ஷாம் த மார்ஸ் குதிரைப் பந்தயத் திடலில் கணக்கெழுதி இறந்தவர். சுவரை ஊடுருவத் தெரிந்தும் ஒவ்வொரு கதவையும் தட்டிவிட்டுக் காத்து நிற்பார். செத்த பிறகும் குதிரை என்றால் நடுக்கம். அவர் தேடுவது ஒரு நூறு ரூபாய் நோட்டை. 1998இல் தமிழை இந்திக்குக் கீழே அச்சிட்டு, நம்மவர்கள் கொதித்தெழுந்ததும் திரும்பப் பெற்றார்களே, அந்த வரிசை நோட்டு. ரங்கநாதன் சீனிவாசன் முகம் பதித்தது. வாங்கியவனுக்கு யோகம், கொடுத்தவனுக்குக் கேடு. படித்துக் காட்டினேன். என் வீட்டுக்காரர் சோற்றுத் தட்டோடு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

14, ஞாயிறு

பெலால் என்று பெயராம் புயலுக்கு. மெழுகுவத்தி, ரொட்டி, பால் வாங்கியாயிற்று.

15, திங்கள்

பொங்கல். நான் நச்சரித்து இவரை விடுப்பு எடுக்க வைத்திருந்தேன். காற்றுக்குப் பயந்து சமையலறையிலேயே பானை வைத்தோம். பால் கிழக்கே வழிந்தது, கைதட்டினேன். பிறகு தொலைபேசியில் படங்கள் வரத் தொடங்கின. போர்ட் லூயித் தெருக்களில் கார்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கின்றன. பொங்கல் தொண்டையில் இறங்கவில்லை.

16, செவ்வாய்

மின்சாரம் இல்லை.

17, புதன்

இவர் வழக்கமாகக் கார் நிறுத்தும் இடத்தில் திங்களன்று இவரோடு வேலை செய்பவர் நிறுத்தியிருக்கிறார். "திங்களன்று நான் வரமாட்டேன், நீ நிறுத்திக்கொள்" என்று சொல்லி வந்தவர் இவர்தான். மற்ற நாளென்றால் அவர் மேட்டுத் தெருவில் நிறுத்துபவர். தண்ணீர் ஏறியதும் காரை எடுக்க ஓடினார். மிதந்து வந்த இன்னொரு கார் அவரை மதிலோடு நெருக்கிவிட்டது. இடது கால் இரண்டு இடத்தில் முறிவு. நாளை அறுவை.

2013 மார்ச் 30 வெள்ளத்தில் 11 பேர் மாண்டார்கள். அன்றும் நான் அரைமணி முன்னதாகப் பஸ் ஏறி வீடு வந்து சேர்ந்தவள். அப்போது கற்பூரம் ஏற்றி முருகனுக்கு நன்றி சொன்னேன். யார் கணக்கிலிருந்து எடுத்து எனக்குக் கொடுத்தாய் என்று கேட்கத் தோன்றவில்லை. என் கதையில் இதைத்தானே வேடிக்கையாக எழுதி வைத்திருக்கிறேன். இவர் தூங்கவில்லை. புரண்டு படுத்து, "அந்த இடத்தை நான்தானே கொடுத்தேன்" என்கிறார். விடுப்பு எடுக்கச் சொன்னது நான்.

18, வியாழன்

அறுவை முடிந்ததாம். பால் கிழக்கேதான் வழிந்தது. நன்றாகப் பார்த்தேன்.

20, சனி

பழத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனோம். அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்கள் வீட்டுக்காரர் அன்று போகாதது எவ்வளவு நல்லதாயிற்று" என்று கிரியோலில் சொன்னாள். உண்மையாகவே சந்தோஷப்பட்டாள். அவள் நகத்தில் இன்னும் சேறு. காரிலிருந்து குழந்தையின் புத்தகங்களைத் தோண்டி எடுத்தாளாம். என்னால் வாய் திறக்க முடியவில்லை.

திரும்பும்போது கடையில் லோட்டோ வரிசை. தலையைத் திருப்பிக்கொண்டு நடந்தேன்.

23, செவ்வாய்

ஏழாம் அத்தியாயத்தைக் கிழித்துப் போட்டேன். நோட்டை எரித்துவிடுவதாக எழுதியிருந்தேன். அது கோழைத்தனம். வாங்கியது இருக்கும்போது எரித்தால் கணக்கு எப்படித் தீரும்?

25, வியாழன்

தைப்பூசம். கோர் த கார்ட் மலை முருகன் கோயிலுக்கு இவர் பால்காவடி எடுத்தார், அவர் காலுக்காக. வெயிலில் படி ஏறும்போது இவர் கால்கள் நடுங்கியதைப் பின்னால் இருந்து பார்த்துக்கொண்டே வந்தேன். வாழை இலையில் ஏழு கறி. ஒரு பங்கு ஆஸ்பத்திரிக்குப் போயிற்று.

26, வெள்ளி

இவர் ஆவியின் கதையை அவருக்குச் சொல்லிவிட்டார்! குதிரைக்குப் பயப்படும் இடத்தில் கட்டிலே ஆடும்படி சிரித்தாராம். நோட்டு கடைசியில் யாரிடம் போகிறது என்று கேட்டனுப்பியிருக்கிறார். ஞாயிறன்று நானே போய்ச் சொல்ல வேண்டும். அதற்குள் எழுதியாக வேண்டும்.

27, சனி

மழை. இவரிடம் காரை மேட்டில் நிறுத்தச் சொன்னேன், நிறுத்திவிட்டார். கீழே காலியான இடத்துக்கு எதிர்வீட்டுக்காரர் தன் காரை ஓட்டி வருகிறார். போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன்