கைப்பிடிக்குச் சூடு: வீட்டிலேயே ஹீட்டட் கிரிப் மாட்டிய அனுபவம்

காரைக்குடியில் இருந்துகொண்டு பைக் கைப்பிடிக்குச் சூடு ஏற்றும் சாதனம் வாங்கினேன் என்றால் யாருக்கும் உடனே காரணம் பிடிபடாது. "சித்திரையில வண்டிக் கைப்பிடியத் தொடவே முடியல, அதுல இன்னும் சூடு எதுக்குப்பா?" என்று அப்பத்தாவே கேட்டார். நியாயமான கேள்விதான். பதில் இருப்பது மலையில்.

மனைவி கொடைக்கானலில் பள்ளி ஆசிரியை. எனக்குக் கடை காரைக்குடியில். சனிக்கிழமை மதியம் கடையை அடைத்துவிட்டு திருப்பத்தூர், சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல், வத்தலக்குண்டு வழியாக மேலே போவேன். திங்கட்கிழமை காலை கடை திறக்க வேண்டும் என்பதால் விடிவதற்கு வெகு முன்பே இறங்கிவிடுவேன். கிட்டத்தட்ட 200 கிலோமீட்டர். கீழே சமவெளிக்கு வந்துவிட்டால் ஒன்றுமில்லை. சிரமமெல்லாம் வெள்ளி நீர்வீழ்ச்சியில் தொடங்கி பெருமாள்மலை, ஊத்து, டம் டம் பாறை தாண்டும் வரைதான்.

மார்கழி, தை மாதங்களில் கொடைக்கானலில் பின்னிரவில் 8 டிகிரி, 9 டிகிரி என்பது சாதாரணம். வண்டியில் போகும்போது காற்று வேறு சேர்ந்துகொள்ளும். குளிர் ஏறினால் உடம்பு உள்ளுறுப்புகளைக் காப்பாற்றுவதற்காக விரல்களுக்குப் போகும் ரத்தக் குழாய்களைச் சுருக்கிக்கொள்ளும். விரல் வெளுத்து, மரத்துப்போகும். ஏறும்போது இது எரிச்சல், அவ்வளவே. இறங்கும்போதுதான் ஆபத்து. கொண்டை ஊசி வளைவில் முன் பிரேக்கை எவ்வளவு அழுத்துகிறோம் என்பது விரல் நுனிக்குத் தெரிய வேண்டும். எதிரே காய்கறி லாரி ஏறி வரும் நேரத்தில், லீவர் விரலுக்குள் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாமல் வண்டி ஓட்டுவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். தடிமனான கையுறை போட்டால் குளிர் குறையும், ஆனால் லீவரின் உணர்வும் சேர்ந்தே போய்விடும். அதனால்தான் இந்த முடிவு. சொகுசுக்காக இல்லை, பிரேக்குக்காக.

சந்தையில் மூன்று வகை கிடைக்கின்றன. இருக்கிற கிரிப்பின் மேல் பெல்ட் மாதிரி சுற்றிக் கட்டுவது ஒன்று. கிரிப்புக்கு அடியில் ஒட்டும் மெல்லிய ஹீட்டர் தாள் இன்னொன்று. மூன்றாவது, உள்ளேயே சூடேற்றும் கம்பி வைத்து வரும் முழு கிரிப். மேலே கட்டுவது பிடியின் பருமனைக் கூட்டிவிடும், இறுக்கிப் பிடிக்கும்போது உருளவும் செய்யும். ஆக்சிலேட்டர் பக்கத்தில் உருளுகிற எதையும் நான் நம்புவதில்லை. முழு கிரிப் வகையையே வாங்கினேன்.

மாட்டித் தரச் சொல்லி முதலில் ஒரு கடைக்குப் போனேன். ஹாரன் வயரில் ஒரு ஒட்டுப் போட்டு எடுத்துக்கொள்ளலாம், அரை மணி நேர வேலை என்றார்கள். கொஞ்ச நேரம் அடித்து நிறுத்துகிற ஹாரனுக்காகப் போட்ட வயரில், மணிக்கணக்காக ஓடும் சூட்டுக் கம்பியையும் சேர்ப்பது சரியாகப் படவில்லை. வீட்டிலேயே செய்துகொள்வோம் என்று வந்துவிட்டேன்.

எங்கள் தெருவில் ஒரு ஐயா இருக்கிறார். சிக்ரி என்று நாங்கள் சொல்லும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தில் தொழில்நுட்பப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். அரிமானமும் (உலோகம் துருப்பிடிப்பது) பேட்டரியும் அங்கே நடக்கிற ஆராய்ச்சி என்பதால், ஊரில் இன்வெர்ட்டர் படுத்தால்கூட அவரைத்தான் கேட்போம். கிட்டைப் பிரித்துப் பார்த்தவர் கிரிப்பைத் தொடவே இல்லை. கனெக்டர்களைத்தான் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தம்பி, சூடு அது பாட்டுக்கு வரும். நீ தண்ணி எங்க பூருதுன்னு பாரு" என்றார். கிட்டோடு வந்த கனெக்டர்களில் ரப்பர் சீல் இல்லை. அதையெல்லாம் வெட்டி எறிந்துவிட்டு சீல் உள்ளவை வாங்கி வரச் சொன்னார். முழு வேலையிலும் எனக்குக் கிடைத்த ஆகச் சிறந்த யோசனை அது.

எங்கள் வீடு இந்தப் பக்கத்து வீடுகளைப் போலவே ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். பின் தெரு வாசல் வழியாக வண்டியைப் பின்கட்டுக்குள் கொண்டுவந்தேன். ஐப்பசி மழை விட்டு வெயில் அடித்த ஒரு ஞாயிறு. வண்டி 411 சிசி ஹிமாலயன். ஹேண்டில்பார் குழாய் 22 மில்லிமீட்டர். வேறு வண்டி வைத்திருப்பவர்கள் கிட் வாங்கும் முன் இதை அளந்துகொள்ளுங்கள், ஒரு அங்குல, அதாவது 25.4 மில்லிமீட்டர் குழாய் உள்ள வண்டிகளும் இருக்கின்றன.

வேலையைத் தொடங்கும் முன் மல்டிமீட்டரை எடுத்தேன். இரண்டு கிரிப்பும் தனித்தனியாக 7 ஓம் அளவில் காட்டின. 12.6 வோல்ட்டில் ஒவ்வொன்றும் 1.8 ஆம்பியர், இரண்டும் சேர்ந்து 3.6 ஆம்பியர், சுமார் 45 வாட். முகப்பு விளக்கு 55 வாட் என்பதால், ஏறக்குறைய இன்னொரு ஹெட்லைட்டை எரியவிடுவதற்குச் சமம். 2017 ஏப்ரலுக்குப் பின் வந்த வண்டிகளில் ஹெட்லைட்டை அணைக்க சுவிட்சே கிடையாது, பகலிலும் எரியும். ஆக அந்தச் சுமை ஏற்கெனவே பேட்டரி தலையில் இருக்கிறது, அதற்கு மேல்தான் இது. இந்தக் கணக்கைப் போடாமல் யாரும் வயரைத் தொடக் கூடாது.

பழைய கிரிப்பைக் கழற்றுவது பெரிய விஷயமில்லை. நுனியில் இருக்கும் வெயிட்டை ஆலன் கீயால் கழற்றி, பிளேடால் நீளவாக்கில் கீறி உரித்துவிடலாம். கீறும்போது ஆக்சிலேட்டர் பக்கம் மட்டும் அழுத்தம் வேண்டாம், அடியில் இருப்பது பிளாஸ்டிக் குழல்.

அந்தக் குழலில்தான் நேரம் போனது. பழைய ரப்பர் நழுவாமல் இருக்க அதன் மேல் வரிவரியாக மேடுகள் வைத்திருப்பார்கள். புது கிரிப்பின் உட்புறம் கெட்டி பிளாஸ்டிக், அந்த மேடுகளின் மேல் ஏறாது. அரம் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ராவ வேண்டும். ராவுவது, துடைப்பது, மாட்டிப் பார்ப்பது, மறுபடி ராவுவது. அவசரப்பட்டு அதிகமாக ராவினால் குழல் மெலிந்து, பின்னாளில் விரிசல் விடும். பசை இல்லாமலே கையால் திருகித் திருகி ஏற்றுகிற அளவு இறுக்கம் வந்ததும் நிறுத்திவிட்டேன். குளிர் நாடுகளில் கிரிப்பைச் சூடான காற்று காட்டி இளக்கி ஏற்றுவார்களாம். நமக்கு அந்தச் செலவு இல்லை. பின்கட்டுக் கல்தளத்தில் வெயிலில் கொஞ்ச நேரம் வைத்தாலே ரப்பர் இளகிவிடுகிறது.

பசை போடும் முன் ஒரு காரியம் இருக்கிறது, அதைத் தாண்டிப் போகவே கூடாது. வலது கிரிப்பில் இருந்து வரும் வயரும் ஆக்சிலேட்டரோடு சேர்ந்து சுற்றும். அது பிரேக் ஆயில் டப்பாவிலோ சுவிட்ச் பெட்டியிலோ போய் முட்டினால், திருகிய ஆக்சிலேட்டர் திரும்பி வராது. மலையில் அதற்கு மேல் ஒரு பயம் கிடையாது. கிரிப்பை வெறுமனே ஏற்றி, முழுக்கத் திருகி, கையை எடுத்துப் பார்த்தேன். 'டக்' என்று தானாகத் திரும்ப வேண்டும். ஹேண்டிலை இடது கோடிக்கும் வலது கோடிக்கும் திருப்பி அதே சோதனை. வயர் எதிலும் படாத நிலை கிடைத்ததும் கிரிப்பிலும் சுவிட்ச் பெட்டியிலும் சேர்த்து ஒரு சாக்பீஸ் கோடு போட்டுக்கொண்டேன். சுவிட்ச் பெட்டிக்கும் கிரிப்புக்கும் நடுவில் இரண்டு மில்லிமீட்டர் இடைவெளி விட்டேன், உரசக் கூடாது. அப்புறம்தான் பசை. உடனே பிடித்துக்கொள்ளும் வகைப் பசை என்பதால் கோட்டைப் பார்த்துக்கொண்டே ஒரே தள்ளில் ஏற்றிவிட வேண்டும். ஒட்டிய பின் ஒரு முழு நாள் வண்டியைத் தொடவில்லை.

இடது பக்கம் ஒட்டுவது எளிது, ஆனால் அங்கே வேறு ஒரு விஷயம். வலது கிரிப்புக்கு அடியில் பிளாஸ்டிக் குழல் இருப்பதால் சூடு உள்ளே இறங்காமல் கைக்கு வருகிறது. இடது கிரிப் நேராக இரும்புக் குழாயின் மேல் உட்காருகிறது. குழாய் அந்தச் சூட்டை இழுத்துக்கொண்டு போய்விடும். சில நிறுவனங்கள் இடது கிரிப்பில் கூடுதல் வாட் வைத்து இதைச் சரிக்கட்டுகின்றன. என் கிட்டில் இரண்டும் ஒரே ஓம் காட்டியதால் அந்த ஏற்பாடு இல்லை என்று தெரிந்துவிட்டது. வயருக்குப் போடும், சூடு காட்டினால் சுருங்கி இறுகும் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவில் அகலமான, மெல்லிய துண்டு ஒன்றைக் குழாயின் மேல் ஏற்றிச் சுருக்கி, அதன் மேல் கிரிப்பை மாட்டினேன். முழுச் சமம் என்று சொல்ல முடியாது. இருந்தாலும் இப்போது இரு கைக்கும் வித்தியாசம் பெரிதாகத் தெரிவதில்லை.

இனி கரண்ட். பேட்டரியில் நேராகக் கொடுத்தால், ஒரு நாள் கிரிப்பை அணைக்க மறந்தாலும் போதும், 8 ஆம்பியர் அவர் பேட்டரி காலையில் காலியாகிக் கிடக்கும். ஈய அமில பேட்டரியை அப்படி அடிமட்டம் வரை இறங்கவிட்டால் உள்ளே தகட்டில் சல்பேட் படிந்து, பழைய திறன் திரும்பாது என்று ஐயா எச்சரித்தார். அதற்குத்தான் ரிலே, சிறிய கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச். கண்மாய் மடையைத் திறப்பதற்கு ஒரு ஆள் போதும், வயலுக்குப் பாய்வது கண்மாய்த் தண்ணீர். அதே போல, சாவி போட்டதும் உயிர் வருகிற பார்க் லைட் வயரில் இருந்து மிகச் சிறிய கரண்டை எடுத்து ரிலேயின் 86-ம் காலுக்குக் கொடுத்தேன். 85 எர்த். பேட்டரி பாசிட்டிவில் இருந்து 5 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக 30-ம் காலுக்கு. 87-ல் இருந்து, சூட்டைக் கூட்டிக் குறைக்கும் கிரிப் கன்ட்ரோலருக்கு. சாவியை அணைத்தால் எல்லாம் அணைந்துவிடும். ஃபியூஸ் பேட்டரிக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறதோ அவ்வளவு நல்லது. வழியில் எங்கே வயர் தேய்ந்து ஷார்ட் ஆனாலும் அதுதான் முதலில் எரிந்து மற்றதைக் காப்பாற்றும்.

வயர் 1 ஸ்கொயர் எம்எம். ஒட்டுகளைக் கிரிம்ப் செய்து (நசுக்கி இறுக்கி), ஸ்லீவ் போட்டு, மேலே துணி டேப். சீட்டைக் கழற்றி, டேங்கின் பின் போல்ட்டை எடுத்து, பெட்ரோல் ஹோஸ் இழுபடாத அளவுக்கு லேசாகத் தூக்கி, கம்பெனி வயர்கள் போகிற அதே பாதையில் இதையும் கொண்டுபோனேன். எர்த்தை சேஸியில் எங்கோ ஒரு போல்ட்டில் மாட்டாமல் பேட்டரி நெகட்டிவுக்கே கொண்டுவந்தேன். பெயின்டும் துருவும் நடுவில் வந்து தொந்தரவு தரும் வாய்ப்பே வேண்டாம் என்பது ஐயாவின் கட்சி. டெர்மினலில் வாசலின் தடவச் சொன்னதும் அவர்தான்.

எல்லாம் பூட்டிய பின் இன்ஜினை ஐடிலில் ஓடவிட்டு ஹேண்டிலை இரு கோடிக்கும் திருப்பிப் பார்த்தேன். ஆர்பிஎம் முள் அசையக் கூடாது. அசைந்தால் புது வயர் ஏதோ ஆக்சிலேட்டர் கேபிளை இழுக்கிறது என்று பொருள். அசையவில்லை. பிறகு வோல்ட் மீட்டர். கிரிப் அணைந்திருக்கும்போது ஐடிலில் 13.4, முழுச் சூட்டில் 12.9. ஆர்பிஎம்மை 3500-க்கு ஏற்றினால் முழுச் சூட்டிலும் 13.8 நிற்கிறது. ஓடும்போது சார்ஜ் ஆகிறது, நிற்கும்போது அவ்வளவாக ஆவதில்லை என்பது இதில் தெரிகிறது. அதனால் செக்போஸ்டிலோ ரயில்வே கேட்டிலோ நின்றால் சூட்டைக் குறைத்துவிடுவேன். ஸ்டார்ட் செய்யும்போது அணைத்தே வைத்திருப்பேன்.

காரைக்குடியில் சூட்டைச் சோதிப்பது சிரமம், எல்லாமே சூடாகத்தானே இருக்கிறது. ஈரத்துண்டைச் சுற்றி வைத்துப் பார்த்தேன், ஆவி கிளம்பியது. தண்ணீர்ச் சோதனையை ஐப்பசி மழையே நடத்திக் கொடுத்தது. விடாமல் பெய்த அடைமழைக்குப் பிறகு கனெக்டர்களைப் பிரித்துப் பார்த்தபோது உள்ளே ஈரம் இல்லை. காட்டினேன், ஐயா தலையசைத்தார். அவரிடம் அதுவே பெரிய பாராட்டு.

மார்கழியில் இறங்கியபோது முழுப் பலனும் தெரிந்தது. கிளம்பும்போது முழுச் சூடு, பெருமாள்மலை வருவதற்குள் பாதி, டம் டம் பாறைக்குப் பிறகு தேவையில்லை. பிரேக் லீவரின் எதிர்ப்பு விரலுக்குத் துல்லியமாகத் தெரிந்தது. நான் எதிர்பார்த்ததும் அதை மட்டும்தான். ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: கிரிப் உள்ளங்கையைத்தான் சூடாக்கும். விரலின் வெளிப்பக்கத்தில் காற்று அடித்துக்கொண்டே இருந்தால் பாதி லாபம் போய்விடும். காற்றைத் தடுக்கும் ஹேண்ட் கார்டு கட்டாயம் வேண்டும். கையுறையும் உள்ளங்கைப் பக்கம் மெல்லியதாக இருக்க வேண்டும், பஞ்சு வைத்ததைப் போட்டால் கிரிப்பின் சூடு கைக்கு வந்து சேராது. பிடி முன்பைவிடச் சற்றுப் பருமனாகத்தான் இருக்கிறது. கை சிறியவர்கள் வாங்கும் முன் யாருடைய வண்டியிலாவது பிடித்துப் பார்த்துவிடுங்கள்.

வண்டியை வழக்கமாகப் பார்க்கும் மெக்கானிக் தம்பி வந்து பார்த்துவிட்டு ரிலே இணைப்பைக் காலண்டர் தாளின் பின்பக்கம் வரைந்து வாங்கிப் போனார். அதன் இன்னொரு நகலை மடித்து, கூடுதலாக இரண்டு 5 ஆம்பியர் ஃபியூஸோடு சீட்டுக்கு அடியில் வைத்திருக்கிறேன்.