திருவந்திபுரத்து நேர்த்தியும் இரண்டரை வருட கீமோவும்

2022 ஆகஸ்டில் என் மகளுக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தது. அக்யூட் லிம்போபிளாஸ்டிக் லூக்கேமியா. வார்டில் எல்லாரும் ஏ.எல்.எல். என்பார்கள். அப்போது அவளுக்கு 14 வயது, கடலூரில் ஒன்பதாம் வகுப்பு. 2025 தொடக்கத்தில் கடைசி மாத்திரையை விழுங்கினாள். இப்போது பரிசோதனைக்கு மட்டும் போய்வருகிறோம். வயசுப் பெண்ணை வைத்துக்கொண்டு யாரிடம் என்ன கேட்பது என்று தெரியாமல் நிற்கிற அம்மாக்களுக்காக இதை எழுதுகிறேன். எழுதலாமா என்று மகளிடம் கேட்டேன். "பேரு மட்டும் போடாதம்மா, மத்ததெல்லாம் எழுது" என்றாள்.

எங்களுக்கு முதல் அறிகுறி மாதவிலக்குதான். அந்த மாதம் ரத்தப்போக்கு நிற்கவே இல்லை. வயசுக்கு வந்த புதுசில் அப்படித்தான் இருக்கும் என்றார்கள் அக்கம்பக்கத்தில். ஆனால் காலில் அங்கங்கே நீலமாகக் கன்றியிருந்தது, பல் தேய்த்தால் ஈறில் ரத்தம், சாயங்காலமானால் காய்ச்சல். மஞ்சக்குப்பத்தில் ரத்தம் பார்த்தோம். ரத்தத்தை உறைய வைக்கிற பிளேட்லெட் அணுக்கள் 12 ஆயிரம். சாதாரணமாக ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டும். டெங்கு என்றுதான் நினைத்தோம். ரிப்போர்ட்டில் வெள்ளையணுக்களைப் பார்த்த டாக்டர் அன்றே புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்.

கோரிமேட்டில் இருக்கிற ஜிப்மரில் இடுப்பெலும்பில் ஊசி குத்தி மஜ்ஜை எடுத்துப் பார்த்து உறுதி செய்தார்கள். குணமாக்கக்கூடிய நோய்தான், ஆனால் பத்து வயதைத் தாண்டிய பிள்ளைகளுக்குக் கொஞ்சம் கடுமையான மருந்து தேவைப்படும், பாதியில் விட்டால் திரும்பி வரும் என்று விளக்கினார் டாக்டர். அவளை வெளியே உட்கார வைத்துவிட்டுப் பேசலாமா என்று நான் கேட்டபோது என் வீட்டுக்காரர் வேண்டாம் என்றார். "அவ உடம்பு, அவளுக்குத் தெரியணும்." டாக்டரும் ஒரு தாளில் எலும்பு படம் போட்டு அவளிடமே சொன்னார். அவள் கேட்ட முதல் கேள்வி, "முடி கொட்டுமா?" கொட்டும், திரும்ப வளரும் என்றார். அதன்பிறகு எதையும் அவளிடம் மறைக்க வேண்டியிருக்கவில்லை. இரண்டரை வருஷம் மருந்து எடுக்கப்போகிற பிள்ளையிடம் மறைத்து வாழவும் முடியாது.

மாதவிலக்கு விஷயத்தை யாரும் வெளிப்படையாகப் பேசுவதில்லை என்பதால் நானே சொல்கிறேன். பிளேட்லெட் இறங்கியிருக்கும்போது விலக்கு வந்தால் போக்கு நிற்காது, ரத்தம் ஏற்ற வேண்டிவரும். அதனால் அது வராமல் தள்ளிப்போட ஹார்மோன் மாத்திரை கொடுப்பார்கள். டாக்டர் ஆணாக இருந்தாலும் கூச்சப்படாமல் கடைசியாக என்றைக்கு வந்தது, எத்தனை நாள் போனது என்று சொல்லிவிடுங்கள். என் மகள் என்னைவிடத் தெளிவாகச் சொன்னாள். நாப்கின் கணக்கை நோட்டில் எழுதி சிஸ்டரிடம் காட்டினாள்.

எங்கள் குலதெய்வம் வேறு ஊரில் இருந்தாலும் வீட்டில் எல்லாவற்றுக்கும் திருவந்திபுரம் தேவநாதன்தான். கெடிலக்கரையில் பெருமாள், எதிரே மலைமேல் ஹயக்ரீவர். அனுமன் தூக்கிப்போன சஞ்சீவி மலையில் இருந்து விழுந்த துண்டு அது, ஔஷதகிரி, அதாவது மருந்து மலை என்பார்கள். நோய் பெயரைக் கேட்ட அன்றே என் மாமியார், "புள்ள நல்லாவட்டும், மொட்டை போடறேன்" என்று மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்துவிட்டார்.

விஷயம் தெரிந்ததும் என் மகளுக்கு வந்த கோபத்தை இன்றைக்கும் மறக்க முடியாது. "என் முடிய என்னக் கேக்காம எப்படி ஆயா நேந்துக்கலாம்? அதான் மருந்துலயே போவப்போவுதே, சாமிக்கு வேற எதுக்கு?" ஆயாவிடம் பதில் இல்லை. அது முதல் கட்டச் சிகிச்சை நடந்த சமயம். வின்கிரிஸ்டின், டானோரூபிசின், அஸ்பராஜினேஸ், முதுகுத்தண்டில் மெத்தோட்ரெக்ஸேட், இவற்றோடு தினமும் ஸ்டீராய்டு. ஸ்டீராய்டு முகத்தை மட்டும் வீங்க வைக்காது, மனசையும் புரட்டிப்போடும். நடுராத்திரி பசிக்கிறது என்று எழுந்து உட்காருவாள், இட்லி கொண்டுவந்தால் அழுவாள். அஸ்பராஜினேஸும் ஸ்டீராய்டும் சேர்ந்து சர்க்கரை ஏறி இன்சுலின் போட வேண்டிவந்தது. "எனக்காக யாரும் சாமி கும்பிடாதீங்க, எரிச்சலா இருக்கு" என்று ஒருநாள் கத்தினாள். சரி என்று விட்டுவிட்டோம். அவள் எதிரில் விபூதி, திருமண் எதையும் நீட்டவில்லை. நோயாளிப் பிள்ளைக்குச் சாமிமேல் கோபம் வந்தால் பெரியவர்கள் பயந்து பரிகாரம் தேட வேண்டியதில்லை என்றுதான் நான் நினைக்கிறேன். கோபித்துக்கொள்ளும் அளவுக்கு அவளுக்கு அவர் வேண்டியவர்.

புரட்டாசி வந்தது. வருஷா வருஷம் சனிக்கிழமை குடும்பத்தோடு போகிற கோயிலுக்கு அந்த முறை அவளைக் கூட்டிப்போக முடியாது. வெள்ளையணு கவுண்ட் ஐநூறுக்கும் கீழே இருந்தது. கூட்டம் கூடாது, பச்சைத் தண்ணீர் கூடாது, வேகாத எதுவும் வாயில் படக் கூடாது, அறையில் பூ வைக்கக் கூடாது. துளசி, தீர்த்தம், தலையில் வைக்கிற பூ, எங்கள் பக்தி முழுவதும் அந்தத் தடைப் பட்டியலில் இருந்தது. வீட்டுக்காரர் மட்டும் போய்த் தீர்த்தம் கொண்டுவந்தார். அவளுக்குக் கொடுக்கக் கூடாதே என்று நான் தயங்கியபோது மாமியார் கையை நீட்டினார். "அத எனக்குக் குடு. அவளுக்காக நான் குடிக்கறேன்." எங்கள் வீட்டில் பக்திக்கும் மருத்துவத்துக்கும் இடையில் அதற்குப் பிறகு தகராறே வரவில்லை.

தகராறு வெளியில் இருந்து வந்தது. உறவில் ஒரு பெரியவர், பாண்டிச்சேரி அலைச்சலை விட்டுவிட்டு ஒரு வைத்தியரிடம் பச்சிலை எடுங்கள், பெருமாளை நம்புகிறவர்களுக்கு இத்தனை ஊசி எதற்கு என்றார். என் வீட்டுக்காரர் ஒரே வார்த்தையில் முடித்தார்: "அவர் குடியிருக்கற மலையே மருந்து மலைதான் பெரியப்பா." இன்னொரு பக்கம், வெளியில் சொல்லாதே, நாளைக்குப் பெண் கேட்டு வரமாட்டார்கள் என்றார்கள். நான் மறுநாளே பள்ளிக்கூடத்தில் போய்ச் சொன்னேன். காரணம் அம்மை. கீமோ எடுக்கிற பிள்ளைக்குச் சின்னம்மை உயிருக்கே ஆபத்து. வகுப்பில் யாருக்காவது அம்மை போட்டால் எங்களுக்கு உடனே தெரிய வேண்டும், நாங்கள் உடனே ஆஸ்பத்திரிக்குச் சொல்ல வேண்டும். வகுப்பு டீச்சர் அதைத் தன் பொறுப்பாகவே எடுத்துக்கொண்டார். தெருவில் எந்த வீட்டு வாசலில் வேப்பிலை செருகியிருக்கிறது என்று பார்ப்பது ஆயாவின் வேலை. ஆத்தா வந்திருக்கும் வீட்டுக்குப் போகக் கூடாது என்று அந்தக் காலத்தில் சொன்னது இதற்குத்தானே என்பார்.

கடுமையான கட்டங்கள் முடிய ஒரு வருஷத்துக்குக் கிட்டத்தட்ட ஆனது. கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம் என்று ஒவ்வொரு நிறுத்தமும் மனப்பாடம். கவுண்ட் இறங்கியிருந்தால் பஸ் வேண்டாம், ஆட்டோதான். பிளேட்லெட்டுக்காக வீட்டுக்காரரின் நண்பர்கள் முறைவைத்து வந்தார்கள். எடுத்த பிளேட்லெட் ஐந்து நாள்தான் தாங்கும், முன்கூட்டி வாங்கி வைக்க முடியாது. அதனால் கொடுக்கத் தயாராக இருப்பவர்களின் பெயர், குரூப், போன் நம்பரை முதல் வாரத்திலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்துப் படுக்கையில் வில்லியனூர் மாதாவுக்கு நேர்ந்துகொண்ட ஓர் அம்மா, அந்தப் பக்கம் தொழுகை நேரத்தை மகனின் செல்போனில் பார்க்கிற ஓர் அம்மா. ராத்திரி ஒருவர் அசந்து தூங்கினால் மற்றவர் டிரிப்ஸைப் பார்த்துக்கொள்வோம். எந்தப் பிள்ளைக்குக் கவுண்ட் ஏறினாலும் மூன்று பேரும் அவரவர் சாமிக்குக் கும்பிடு போடுவோம்.

பிறகு வந்ததுதான் நீண்ட கட்டம், மெயின்டனன்ஸ். முடி வளர்ந்துவிடும், பிள்ளை பள்ளிக்கூடம் போகும், பார்க்கிறவர்கள் எல்லாம் சரியாகிவிட்டது என்பார்கள். மருந்து மட்டும் ஒன்றரை வருஷத்துக்கு மேல் போய்க்கொண்டே இருக்கும். ராத்திரி தினமும் மெர்காப்டோபியூரின், வாரத்தில் ஒரே ஒரு நாள் மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை. அந்த வார மாத்திரையைத் தெரியாமல் தினமும் கொடுத்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. எந்தக் கிழமை உங்களுக்குத் தோது என்று டாக்டர் கேட்டபோது, ஆயா எங்களை முந்திக்கொண்டு "சனிக்கிழமை" என்றார். பெருமாள் கிழமை. விரதமும் விளக்குமாக எங்கள் வீட்டில் யாரும் எந்தக் காலத்திலும் மறக்காத கிழமை. விளக்கேற்றி, தெர்மாமீட்டர் வைத்து, நோட்டில் எழுதி, மாத்திரையை எண்ணிக் கையில் வைப்பார். ஒரு சனிக்கிழமையும் தவறவில்லை.

நம்பிக்கை உங்களுக்கு என்ன செய்தது என்று கேட்கிறவர்களிடம் நான் இந்தச் சனிக்கிழமையைத்தான் சொல்கிறேன். பெருமாள் நோயை எடுத்துவிட்டார் என்று சொல்ல எனக்குத் தெரியாது. மருந்து வேலை செய்ததைக் கண்ணால் பார்த்தேன். ஆனால் களைத்துப்போன ஒரு குடும்பம், உடம்பு தேறிவிட்டது போலத் தெரிகிற காலத்திலும் ஒரு வேளை விடாமல் கடைசி வரைக்கும் போனதே, அதற்கான தெம்பு எங்களிடம் தானாக இருந்ததில்லை.

காய்ச்சலைப் பற்றி ஒன்று. 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் வந்தால் மணி எத்தனையானாலும் கிளம்பிவிட வேண்டும். காலையில் பார்க்கலாம் என்று மாத்திரை கொடுத்துப் படுக்க வைக்கக் கூடாது, கவுண்ட் இல்லாத உடம்பில் கிருமி சில மணி நேரத்தில் பரவிவிடும். எப்போதும் ஒரு பை தயாராக இருக்கட்டும்: ஃபைல், ஆதார், ரேஷன் கார்டு, இரண்டு செட் துணி, போர்வை, சார்ஜர். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்து, அடுத்து பெண்ணையாற்றில் வெள்ளம் வந்து சாலை அறுபட்டபோது எங்களைக் காப்பாற்றியது கையிருப்பு மாத்திரை. மழைக்காலத்தில் இரண்டு வாரத்துக்காவது கூடுதலாகக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். போனில் வார்டுக்குச் சொல்லி அவர்கள் சொன்ன அளவைத் தொடர்ந்தோம்.

மகளின் கோபம் எப்போது தணிந்தது என்று எனக்குத் தெரியவில்லை, நான் கேட்கவும் இல்லை. 2024இல் பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு முன்னால், "ஹயக்ரீவர் மலைக்குப் போலாமா? எல்லாப் பசங்களும் பேனா வச்சு எடுத்துட்டு வந்துட்டாங்க" என்று அவளாகவே கேட்டாள். கவுண்ட் பார்த்து, டாக்டரிடம் கேட்டு, கூட்டமில்லாத ஒரு விடியற்காலையில் மாஸ்க் போட்டுக்கொண்டு போனோம். வின்கிரிஸ்டினால் கால் இன்னும் தளர்வாகத்தான் இருந்தது. பாதிப்படியில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினாள். நான் கை கொடுத்தபோது வேண்டாம் என்றாள்.

நேர்த்தி மட்டும் பாக்கி. சிகிச்சை முடிந்ததும் அவள் அப்பா மொட்டை போட்டுக்கொண்டார். ஆயா அதோடு விடுவதாக இல்லை, நேர்ந்தது அவள் பேரில் என்றார். மகள் இப்போது பன்னிரண்டாம் வகுப்பு, முடி தோளைத் தொடுகிறது. ரொம்ப நாள் யோசித்துவிட்டு, பூமுடி தருகிறேன், மூன்று விரல் அளவு, அதுவும் யாரும் சொல்லி இல்லை, நானே தருவது என்று ஆயாவிடம் ஒப்பந்தம் போட்டிருக்கிறாள். புரட்டாசிச் சனிக்கிழமைக் கூட்டம் மட்டும் வேண்டாம், வார நாளில் போய்வாருங்கள் என்றார் டாக்டர். புதன்கிழமை போகிறோம்.